மழைக்குக் கணக்குப் பார்க்கும் திராட்சை



விடியற்காலையில் மழை கொட்டினால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய வரும்படியும் இல்லை. ரப்பர் மரத்தை நம்பிய குடும்பத்தாருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழகத்தில், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடும் குடும்பங்களுக்கும் இதே மழைக் கவலைதான். ஆனால், நமக்கு ஒருநாள் கவலை. அவர்களுக்கோ நான்கு மாதக் கவலை!

திராட்சை குளிர்நாடுகளில் பேர்பெற்ற கொடி. பிரான்சு நாட்டில் அது குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. அங்கே தோட்டக்காரர் அஞ்சுவது உறைபனிக்கு. 2021 ஏப்ரலில், துளிர்விட்ட கொடிகள்மீது உறைபனி இறங்கியது. வரிசைக்கு வரிசை மெழுகுத் தீ மூட்டி இரவெல்லாம் காவல் இருந்தும், பலருடைய துளிர்கள் கருகிப் போயின.

கம்பத்தில் அத்தகைய குளிர்காலம் ஏது? அங்கே கொடி தானாக உறங்குவதில்லை. மனிதர்தாம் கத்தரியை எடுத்துக் கவாத்து செய்ய வேண்டும். கேமரன் மலைத் தேயிலைக்காரர்கள் அறிந்த அதே கவாத்துதான். வெட்டிய கொடி துளிர்த்து, பூத்து, காய்த்து, ஏறக்குறைய 120 நாளில் பந்தலிலே கறுத்த குலைகள் தொங்கும். இப்படி ஆண்டுக்கு இரண்டு அறுவடை, சில சமயம் மூன்றும் காணலாம். ஆக, கவாத்து செய்யும் நாளே அறுவடை நாளையும் முடிவு செய்துவிடுகிறது.

"அப்படியானால் நல்ல வெயிலில் பழுக்கும்படி வெட்டிவிட்டால் போயிற்று!" என்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

டிசம்பரில் வெட்டினால் ஏப்ரலில் பழம். வெயிலில் பழுத்தது, இனிப்புக்குக் குறைவில்லை. ஆனால், ஆண்டின் அந்த முதல் மாதங்களில்தான் மகாராஷ்டிரத்து நாசிக் திராட்சையும் சந்தையில் வந்து குவியும். பழம் மலிந்தால் விலை இறங்கத்தானே செய்யும்?

ஜூலையில் வெட்டினால் நவம்பரில் பழம். அப்போது வெளியூர்ப் பழத்தின் போட்டி குறைவு, விலை கிடைக்கும். ஆனால், வடகிழக்குப் பருவமழையும் அதே நேரத்தில்தான்! பூக்கும் சமயம் மழை பிடித்தால் பூ உதிரும். இலை ஈரம் காயாவிட்டால் அடிச்சாம்பல் நோய் தாக்கும். மருந்துச் செலவு ஏறும். பழுக்கும் வேளையில் பெய்தாலோ, பழம் நீரை உறிஞ்சிப் பருத்துத் தோல் வெடிக்கும். வெடித்த ஒரு பழத்திலிருந்து அழுகல் குலை முழுதும் பரவும். நான்கு மாத உழைப்பும் வாங்கிய கடனும் நான்கே நாள் மழையில் போய்விடலாம்.

இதற்கு அந்த விவசாயிகள் கண்ட வழி என்ன தெரியுமா? எல்லாக் கொடியையும் ஒரே நாளில் வெட்டுவதில்லை. பந்தலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் கவாத்து செய்கிறார்கள். ஒரு பகுதியை மழை கெடுத்தாலும் அடுத்த பகுதி கைகொடுக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் வெட்டும் மாதம் மாறுவதால், பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவதொரு பந்தலில் பழம் இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நன்கு பழுத்ததைப் பறித்துத் தின்றால் அதன் மணமே தனி!

அன்பர்களே, மழையை நிறுத்த யாராலும் முடியாது. ஒரே அறுவடையை நம்பிக் குடும்பத்தை வைக்காமல் இருப்பது மட்டும் முடியும். நல்ல வெட்டு மாதங்களிலேயே மழை மாதங்களுக்கென்று ஒரு தொகையை முடிந்து வைத்த தாய்மார்கள் நம் தோட்டங்களிலும் இருந்தார்கள். கம்பத்துக்காரர் பந்தலில் செய்வதைத்தான் அவர்கள் அடுக்களை டப்பாவில் செய்தார்கள். உங்கள் வீட்டில் அந்த டப்பா இன்னும் இருக்கிறதா?

அடுத்த இதழில் சந்திப்போம்.