சுவரெல்லாம் தேவிகள்! பெண்கள் எங்கே?

ஐரோப்பாவிலே சில வருஷ காலமாக ஒரு புது மாதிரிக் காட்சி வெகு பிரபலமாகி வருகின்றது. அதாவது, ஒரு பெரிய கட்டிடத்தை இருட்டாக்கி, அதன் நான்கு சுவர்களிலும் தரையிலும் பழங்காலத்துச் சித்திரங்களையும் சிலைகளையும் டிஜிட்டல் இயந்திரங்களால் ஒளியாகப் பாய்ச்சி, கூடவே சங்கீதத்தையும் முழக்கி, பார்க்க வந்தவர்களை அந்த ஒளிக்கு நடுவிலேயே நிறுத்திவைப்பதாகும். பாரீஸ் பட்டணத்தில் பழைய இரும்பு வார்ப்படச்சாலை ஒன்று 2018ல் இப்படிப்பட்ட காட்சிசாலையாக மாற்றப்பட்டது. அதே பட்டணத்தின் கிராண்ட் பலே மாளிகையில், எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்தை 2020ல் இவ்விதமே எழுப்பிக் காட்டினார்கள். இத்தகைய காட்சிகளில் மத்தியதரைக் கடலோரத்துப் பழைய கிரேக்க, ரோம நாடுகளின் பெண் உருவங்களுக்குத் தனி மவுசு உண்டு. அவை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து சுவரிலே நடமாடுவதைப் பார்த்துவிட்டு, “ஆகா! அக்காலத்தில் பெண்ணை எவ்வளவு உயர்வாய் வைத்திருந்தார்கள்!” என்று நினைத்துக்கொண்டு வெளியே வருவது வெகு சுலபம். அந்நினைப்பு சரிதானா என்பதைப் பற்றியே இங்கு சில வார்த்தைகள் எழுதுகின்றோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகின்றோம். இயந்திரத்தின் பேரில் நமக்கு எவ்வித ஆக்ஷேபணையும் இல்லை. பணக்காரனும் பண்டிதனும் மாத்திரம் கப்பலேறிப் போய்ப் பார்த்துவந்த பொருள்களை, இன்று ஒரு கூலிக்காரன் தன் கையிலுள்ள செல்போனிலேயே பார்க்க முடிகிறதென்றால் அது அறிவு செய்த வேலையே ஒழிய ஆண்டவன் செய்த வேலை அல்ல. அன்றியும், பழைய பொய்களை உடைக்கவும் இவ்வியந்திரம் உதவியிருக்கின்றது. கிரேக்க, ரோமச் சிலைகளென்றால் வெள்ளைவெளேரென்ற சலவைக்கல் என்றும், அந்த வெண்மையே அழகின் முடிவு என்றும் ஐரோப்பியப் பண்டிதர்கள் வெகுகாலம் பிரசங்கம் செய்துவந்தார்கள். ஆனால் 1886ல் ஏதென்ஸ் கோட்டைக் குன்றில் தோண்டி எடுத்த பெண் சிலைகளின் மேல் சாயம் ஒட்டிக்கொண்டே இருந்தது. ரோமாபுரியில் கி.மு. 9ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட சமாதான பீடத்தில், கண்ணுக்கு ஒரு கருவியை மாட்டிக்கொண்டு அதன் பழைய வர்ணங்களைப் பார்க்க 2016ல் ஏற்பாடு செய்தார்கள். வெள்ளை என்று நம்பினவர்கள் சிவப்பையும் நீலத்தையும் நேரில் கண்டார்கள். இது நல்ல காரியமா, அல்லவா?

நிற்க. வர்ணம் போனதைத் திருப்பிக் காட்டுகிறவர்கள், வாழ்க்கை போனதையும் திருப்பிக் காட்டவேண்டாமா என்பதுதான் நமது கேள்வி.

ஏதென்ஸ் நகரத்தையே எடுத்துக்கொள்ளுவோம். அந்த ஊருக்கே ஒரு பெண் தெய்வத்தின் பெயர். பார்த்தினான் கோவிலில் பிடியஸ் என்ற சிற்பி தங்கத்தாலும் தந்தத்தாலும் செய்த அதீனா தேவியின் சிலை கி.மு. 438ல் ஸ்தாபிக்கப்பட்டது. அதன் மேல் போர்த்திய தங்கம் மாத்திரம் 40 தாலந்து, அதாவது ஆயிரம் கிலோவுக்கு மேல் என்று கணக்கு இருக்கின்றது. சரி, அதே ஊரில் உயிருள்ள பெண்ணின் கதி என்ன? அவளுக்குச் சபையில் ஓட்டு கிடையாது. தகப்பனோ, புருஷனோ, மகனோ, யாராவது ஓர் ஆண் அவளுக்கு எஜமானனாக இருந்தே தீரவேண்டும். ஒரு மெதிம்னோஸ், அதாவது ஏறக்குறைய 52 லிட்டர் வாற்கோதுமையின் மதிப்புக்கு மேல் அவள் தன் இஷ்டப்படி எவ்வித வியாபார ஒப்பந்தமும் செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தந்தத்தால் ஆன பெண்ணுக்கு ஆயிரம் கிலோ தங்கம். ரத்தமும் சதையுமான பெண்ணுக்கு ஒரு மூட்டை வாற்கோதுமை! அந்த நாட்டுப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமையை 1952ம் வருஷத்துச் சட்டத்தால்தான் அடைந்தார்கள். குன்றின் மேல் இருந்த தேவியின் பெருமை அவர்களுக்கு என்ன செய்தது?

அதற்கடுத்தாற்போல் அப்ரடைட்டி தேவியின் சங்கதி. பிராக்ஸிட்டலீஸ் என்ற சிற்பி கி.மு. 4ம் நூற்றாண்டில் இத்தேவிக்கு ஆடை உடுத்தின சிலை ஒன்றும், ஆடையில்லாத சிலை ஒன்றும் செய்தார் என்றும், கோஸ் தீவார் உடுத்தினதை வாங்கிக்கொண்டார்கள், க்னீடோஸ் ஊரார் மற்றதை வாங்கினார்கள் என்றும் ரோமாபுரிப் பிளினி எழுதியிருக்கிறார். அதைப் பார்க்கவே கப்பலேறி ஜனங்கள் வந்தார்களாம். ஊரின் கடன் முழுவதையும் தீர்த்துவிடுகிறேன், சிலையைக் கொடுங்கள் என்று நிக்கோமீடஸ் ராஜா கேட்டபோதுகூட ஊரார் மறுத்துவிட்டார்களாம். இது பக்தியா, வரும்படியா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். அந்தச் சிலையின் வழிவந்த உருவங்களை இருபது அடி உயரத்துக்குச் சுவரில் பாய்ச்சி, “இதுவே பெண்மை” என்று வீணை வாசிப்பதனால் பெண்ணுக்கு ஏற்பட்ட மரியாதை எது என்று கேட்கின்றோம்.

இன்னும் பாருங்கள். ஏதென்ஸ் காட்சிசாலையில் ஹெகேசோ என்ற சீமாட்டியின் கல்லறைக்கல் இருக்கின்றது. கி.மு. 5ம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கியது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நகை எடுத்துப் பார்க்கிறாள். எதிரே ஒரு பணிப்பெண் நகைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சீமாட்டியின் பேரும் அவள் தகப்பன் பேரும் மேலே வெட்டப்பட்டிருக்கின்றன. நிற்கிறவளுக்குப் பேர் இல்லை. இரண்டு பெண்கள் இருக்கிற கல்லில் ஒருத்திதான் பெண்ணாக எண்ணப்பட்டிருக்கிறாள். வெளிச்சம் போடுகிறவர்கள் அந்தப் பெட்டி பிடித்த கையின் மேலும் சற்று வெளிச்சம் போட்டால் என்ன?

இருட்டும் சங்கீதமும் சேர்ந்தால் மனிதனுக்குக் கேள்வி கேட்கும் புத்தி மங்கிப்போகும் என்பது பூசாரிக்கு வெகுநாளாய்த் தெரிந்த தொழில். பாம்பேய்க்குப் பக்கத்தில் 1909ல் வெளிப்பட்ட ஒரு மாளிகையில், ஓர் அறையின் சுவர்களைச் சுற்றிலும் சிவப்புப் பின்னணியில் ஆள் உயரச் சித்திரங்கள் எழுதியிருக்கின்றன. ஆளை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் படம் காட்டும் யுக்தி இன்று பிறந்ததல்ல என்பதற்கு அதுவே சாட்சி. அதில் ஒரு பெண் முதுகு திறந்து மண்டியிட்டுக் கிடக்கிறாள். சிறகுள்ள ஒருத்தி சாட்டையை ஓங்குகிறாள். அது மதச் சடங்கு என்றும், கலியாணச் சடங்கு என்றும் பண்டிதர்கள் தர்க்கிக்கிறார்கள். எதுவானாலும், சாட்டைக்கு முன்னால் மண்டியிடுகிறவள் பெண்ணாக இருக்கிறாளே, அது ஏன் என்று மேளச் சத்தத்தின் நடுவில் யாருக்குக் கேட்கத் தோன்றும்?

மற்றொரு சங்கதி. கிரீட் தீவின் க்னாஸஸ் அரண்மனையில் கிடைத்த “நீல உடைப் பெண்கள்” என்னும் சித்திரம் உலகப் பிரசித்தம். ஆனால் அதில் பழமையானவை சில துண்டுகளே. அப்பெண்களின் முகங்கள் 20ம் நூற்றாண்டில் சித்திரக்காரர் நிரப்பிச் சேர்த்தவை. அந்த முகத்தைப் பார்த்து “பண்டைக்காலத்துப் பெண்ணின் புன்னகை” என்று மயங்குகிறவன் உண்மையில் எதைப் பார்க்கிறான்? இயந்திரம் இல்லாத நாளிலேயே இப்படியென்றால், உடைந்த மூக்கையும் போன கையையும் நொடியில் ஒட்டக்கூடிய இந்நாளில் எச்சரிக்கை எவ்வளவு வேண்டும்?

இதற்குச் சிலர், “கலையைக் கலையாகப் பார்க்கவேண்டும், அக்காலத்து வழக்கத்தை இக்காலத்து நியாயத்தால் அளக்கலாமா?” என்று சமாதானம் சொல்லுவார்கள். நாம் செத்தவர்களைக் கூண்டில் ஏற்றவில்லை. இன்று டிக்கட்டு விற்கிறவர்களைத்தான் கேட்கின்றோம். மேலும், அக்காலம் என்றால் எங்கும் ஒரே மாதிரி என்பதும் பொய். இத்தாலியில் எத்ருஸ்கர் என்ற ஜனங்கள் இருந்தார்கள். செர்வெத்தேரி என்ற ஊரில் 1881ல் ஏறக்குறைய 400 துண்டுகளாய்க் கிடைத்து, இன்று ரோமாபுரி வில்லா ஜூலியா காட்சிசாலையில் இருக்கும் சுடுமண் பெட்டியின் மேல், கணவனும் மனைவியும் ஒரே விருந்துக் கட்டிலில் ஒன்றாய்ச் சாய்ந்திருக்கிறார்கள். கி.மு. 6ம் நூற்றாண்டின் வேலை. கிரேக்கர்களின் குடி விருந்திலோ மனைவிக்கு இடமில்லை. தாசிக்கும் குழல் ஊதும் பெண்ணுக்குமே இடம். ஆகவேதான் தியோபாம்பஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் எத்ருஸ்கப் பெண்களை ஒழுக்கங்கெட்டவர்கள் என்று தூற்றினார். பெண் சமமாய் உட்கார்ந்தால் அவளுக்குக் கிடைக்கும் பட்டம் அதுதான் போலும்! அக்காலத்திலேயே வேறு மாதிரி வாழ்ந்தவர்கள் பக்கத்து நாட்டில் இருந்திருக்க, “காலம் அப்படி” என்ற சமாதானம் எப்படி நிற்கும்?

அப்படியானால் என்ன காட்டவேண்டும் என்று கேட்பீர்கள். காட்ட வேண்டியவை ஏராளமாய் இருக்கின்றன. கி.மு. 5ம் நூற்றாண்டின் கிரேக்கத் தண்ணீர்ச் சாடி ஒன்றில், பாத்திரங்களுக்குச் சித்திரம் தீட்டும் பட்டறை எழுதப்பட்டிருக்கிறது. அதீனாவும் வெற்றித் தேவதைகளும் வந்து வேலை செய்யும் ஆண்களுக்கு முடி சூட்டுகிறார்கள். ஓரத்தில் ஒரு பெண்ணும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு முடி சூட்ட எந்தத் தேவதையும் வரவில்லை. பெண் தெய்வங்களே ஆனாலும் பெண்ணுக்கு உதவமாட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சித்திரம் வேண்டுமா? சிசிக்கஸ் ஊரில் பிறந்த இயாயா என்ற பெண் ரோமாபுரியில் படம் எழுதி, அக்காலத்துப் பேர்பெற்ற ஆண் சித்திரக்காரர்களைவிட அதிகக் கூலி வாங்கினாள் என்றும், கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே எழுதினாள் என்றும், கலியாணம் செய்துகொள்ளவில்லை என்றும் அதே பிளினிதான் எழுதியிருக்கிறார். அவள் எழுதின படம் ஒன்றுகூட இன்று இல்லை. பாம்பேய் நகரத்தில் யூமாக்கியா என்ற மாது கடைவீதிச் சதுக்கத்தில் தன் சொந்தப் பணத்தில் பெரிய கட்டிடம் கட்டினாள். துணி வெளுக்கும் தொழிலாளிகள் அவளுக்குச் சிலை வைத்தார்கள். ஜூலியா பெலிக்ஸ் என்பவள் தன் ஸ்நானசாலையையும் கடைகளையும் ஐந்து வருஷ வாடகைக்கு விடுவதாகச் சுவரில் விளம்பரம் எழுதிவைத்தாள். இவர்கள் தேவிகளல்ல, வேலை செய்து, சொத்து வைத்து, கணக்குப் பார்த்த பெண்கள்.

ஆதலால் நமது அபிப்பிராயம் இதுதான். காட்சி நடக்கட்டும், இன்னும் பெருகட்டும். ஆனால் பழையது எது, இன்று நிரப்பினது எது என்று அந்தச் சுவரிலேயே எழுதிக் காட்டட்டும். தேவியைக் காட்டுகிற சுவருக்கு எதிர்ச் சுவரில், அவளைக் கும்பிட்ட ஊரின் பெண்களுக்கு இருந்த சட்டத்தையும் காட்டட்டும். பேரில்லாத வேலைக்காரியைச் சீமாட்டிக்குச் சமமான உயரத்தில் நிறுத்தட்டும்.

பார்க்கப் போகிற தோழர்களும், செல்போனில் பார்க்கிற தோழர்களும் மூன்று கேள்விகளை மறவாதிருக்க வேண்டும். இந்த உருவத்தைச் செய்வித்தவன் யார்? யார் கண்ணுக்காகச் செய்தான்? இதில் வேலை செய்துகொண்டிருக்கிறவள் எங்கே? பெண்ணைத் தேவியாக்கி உயரத்தில் ஏற்றிவைப்பவர்களிடம், அவளைத் தரையில் மனுஷியாக நடக்க விட்டீர்களா என்று கேட்பதே அவளுக்குச் செய்யும் முதல் மரியாதையாகும்.