விலை மலிந்த பாகம், முடங்கும் ஆலை: கணினி முன்கூட்டியே சொல்லுமா?

மின்சார காரின் மொத்த விலையில் அதன் மோட்டாரிலுள்ள காந்தத்தின் பங்கு மிகச் சிறியது. ஆனால், அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்கு 2025 ஏப்ரலில் சீனா உரிமத்தைக் கட்டாயமாக்கியதும், இந்திய வாகனத் துறை கலங்கிப்போனது. இது முதல் அனுபவமும் அல்ல. செமிகண்டக்டர் சில்லுகள் கிடைக்காததால், 2021 செப்டம்பரில் ஹரியாணா, குஜராத் ஆலைகளின் உற்பத்தி வழக்கமான அளவில் சுமார் 40 சதவீதமாகவே இருக்கும் என்று மாருதி சுசுகி அறிவிக்க நேர்ந்தது.

காந்தங்களை உள்நாட்டிலேயே தயாரிக்க ரூ.7,280 கோடி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. ஆலைகள் எழுந்து உற்பத்தி தொடங்கக் காலம் பிடிக்கும். அதற்குள் அடுத்த தட்டுப்பாடு எந்தப் பாகத்தில் வரும் என்பதே கேள்வி.

இதற்கு விடை தேட உதவுவதுதான் சிமுலேஷன் எனப்படும் கணினி உருவகப்படுத்துதல். ஆலை, கிடங்கு, துறைமுகம், லாரி ஆகியவற்றைக் கணினியில் மாதிரியாக அமைத்து, 'இந்தச் சரக்கு தாமதமானால் என்ன ஆகும்' என்று ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். சராசரிக் கணக்கு இங்கு ஏமாற்றிவிடும். சராசரியாக 30 நாளில் வரும் சரக்கு ஒருமுறை 25 நாளிலும் மறுமுறை 45 நாளிலும் வந்தால், 30 நாளை நம்பி வைத்த இருப்பு தீர்ந்துவிடும். 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லத் தொடங்கியபோது கண்டது இதைத்தான்.

அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் டேவிட் சிம்சி-லெவி, ஃபோர்டு நிறுவனத்துக்காக உருவாக்கிய மாதிரி இரண்டு கேள்விகளையே மையமாகக் கொண்டது. ஒரு சப்ளையர் முடங்கினால் மீள எத்தனை நாள் ஆகும்? கையிருப்பைக் கொண்டு ஆலை எத்தனை நாள் ஓடும்? முதல் விடை இரண்டாவதைவிடப் பெரியதாக இருந்தால், அங்கே ஆபத்து இருக்கிறது. பெருந்தொகை கொடுத்து வாங்கும் பாகங்களைவிட, எவரும் பொருட்படுத்தாத மலிவான பாகங்களில்தான் பெரிய ஆபத்து பல இடங்களில் ஒளிந்திருந்தது.

இந்தியாவில் சிக்கல் மென்பொருளில் இல்லை, தரவில் இருக்கிறது. தேசிய தளவாடக் கொள்கை 2022 செப்டம்பரில் வெளியானபோது அறிமுகமான யூலிப் தளம் வழியே ரயில், சாலை, துறைமுகத் தகவல்கள் நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. ஆனால், மூன்றாம் நிலை சப்ளையரான சிறு பட்டறையில் எவ்வளவு இருப்பு உள்ளது என்பது உரிமையாளரின் நோட்டிலோ நினைவிலோதான் இருக்கும். அதைச் சொன்னால் விலையைக் குறைக்கச் சொல்வார்களோ என்ற அச்சமும் அவருக்கு உண்டு. அந்த அச்சம் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது.

மாதிரியின் எல்லையைத் தன் ஆலை வாசலோடு முடித்துக்கொள்ளும் பெருநிறுவனம், கையிருப்பைக் குறைத்துச் செலவு மிச்சம் என்று கணக்குக் காட்டலாம். உண்மையில் அந்த இருப்பு சிறு நிறுவனத்தின் கிடங்குக்கும், அதன் வட்டிச் சுமை அவரது தலைக்கும் இடம் மாறியிருக்கும். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு சட்டம். பணம் தாமதமானால் அவரால் மூலப்பொருள் வாங்க முடியாது; பாகம் தாமதமாகும்; கடைசியில் நிற்பது பெருநிறுவனத்தின் உற்பத்தி வரிசைதான். லாரியின் தாமதத்தைக் கணக்கிடும் மாதிரி, காசோலையின் தாமதத்தையும் கணக்கிட்டாக வேண்டும்.

இதற்கான தரவு புதிதாகத் திரட்டப்பட வேண்டியதும் அல்ல. ரூ.250 கோடிக்கு மேல் விற்றுமுதல் கொண்ட நிறுவனங்கள், சிறு நிறுவனங்களின் பில்களுக்கு நிதி கிடைக்கச் செய்யும் ட்ரெட்ஸ் தளத்தில் இணைவது கட்டாயமாகியுள்ளது. அங்கு பதிவேறும் ஒவ்வொரு பில்லிலும், அது ஏற்கப்பட்ட நாளும் பணம் தரப்பட வேண்டிய நாளும் இருக்கின்றன.