சாமித்தட்டில் ஒரு ஊதாப் பூ

போன செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை. மகள் பின்வளவில் பூப் பிடுங்கிக்கொண்டு நின்றாள். ஆறு வயது. இந்த வீட்டை நாங்கள் வாங்கினபோது, முந்தி இருந்தவர்கள் நட்ட செடிகளும் சேர்ந்துதான் வந்தன. அதில பாதிக்குப் பெயர் தெரியாது. வேலியோரம் ஒரு செடி, ஆள் உயரத்துக்குக் கிட்ட. மற்றப் பூவெல்லாம் வாடுற நேரத்தில இது மட்டும் கடும் ஊதாவில் கொத்துக்கொத்தாகப் பூத்து நின்றது. ஒவ்வொரு பூவும் தலையில தொப்பி போட்ட மாதிரி.

"அம்மம்மாவுக்கு சாமிப் பூ!" என்று கைநிறையக் கொண்டுவந்தாள். அம்மாவும் சந்தோசமாக வாங்கிச் சாமித்தட்டில் வைத்தா. வடிவாக இருக்கே, பெயர் என்னவென்று பார்ப்போம் என்று ஃபோனில் படம் எடுத்துத் தேடினேன். மொங்ஸ்ஹூட் என்று வந்தது. அடுத்த வரியில், முழுச்செடியும் கொடிய நஞ்சு என்று இருந்தது.

அதுக்குப் பிறகு வீட்டில நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். "வாயில வைச்சனியா? கை சூப்பினியா?" என்று நான் கேட்ட கேள்வியில் பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். சவர்க்காரம் போட்டு அவளின்ர கையையும் அம்மாவின்ர கையையும் கழுவிவிட்டு, நஞ்சு தகவல் நிலையத்துக்கு ஃபோன் எடுத்தேன். எடுத்தவ மிகவும் நிதானமாகக் கேள்வி கேட்டா. உதடு விறைக்குதா, நாக்கு கூசுதா, சத்தி வருதா? ஒன்றும் இல்லை. சில மணித்தியாலம் கவனமாகப் பாருங்கோ, ஏதும் மாற்றம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்றா. ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் அந்த ஒரு கேள்வி எனக்குள்ள நின்றுவிட்டது. ஏன் முதலில் உதட்டைப் பற்றிக் கேட்டா? அன்றிரவு பிள்ளை படுத்த பிறகு இருந்து வாசித்தேன்.

எங்கட நரம்புகள் மின்சாரத்தில் வேலை செய்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் அது வயரில் ஓடுற மின்சாரம் இல்லை. நரம்புக் கலத்துக்கு வெளியே சோடியம் கூட, உள்ளே குறைவு. கலத்தின் சுவரில் நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. இவற்றைத்தான் சோடியம் சனல் என்கிறார்கள். செய்தி வரும்போது கதவு திறக்கும், சோடியம் உள்ளே பாயும், அதனால் பக்கத்துக் கதவும் திறக்கும். இப்படியே செய்தி நரம்பு வழியே ஓடும்.

இதில எனக்குப் பிடித்த விசயம் என்னவென்றால், அந்தக் கதவைப் பூட்ட வேறு யாரும் கட்டளை கொடுக்கத் தேவையில்லை. திறந்து ஏறக்குறைய ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், அதுவே தன்னை அடைத்துக்கொள்ளும். எங்கட துறையில் இதை டைம் அவுட் என்போம். அந்த டைம் அவுட் இருப்பதால்தான் நரம்பு அடுத்த செய்திக்குத் தயாராகுது. இதயம் ஒரு துடிப்பு முடித்து அடுத்த துடிப்புக்குப் போவதும் இப்படித்தான். ஹொட்ச்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பிரித்தானிய விஞ்ஞானிகள் 1952இல் இந்தக் கணக்கை எழுதினார்கள். 1963இல் நோபல் பரிசும் கிடைத்தது. அவர்கள் சோதித்தது நாங்கள் கறி வைக்கிற கணவாயின் இனத்தில் ஒன்றை. அதன் நரம்பு கண்ணுக்குத் தெரியுமளவு தடிப்பு.

இனி அந்த ஊதாப் பூவுக்கு வருவம். அதில இருக்கிற நஞ்சின் பெயர் அக்கோனிட்டீன். இது சோடியம் கதவுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் இரண்டு பிழை நடக்கும். கதவு தேவையில்லாத நேரத்திலேயே திறக்கும். திறந்தது பிறகு ஒழுங்காக அடைபடாது. சோடியம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். முதலில் நரம்பு சும்மா சும்மா செய்தி அனுப்பும். அதுதான் உதட்டிலும் நாக்கிலும் வருகிற கூச்சம். கொஞ்ச நேரத்தில், கதவு திறந்தபடியே கிடப்பதால் புதுச் செய்தி அனுப்ப நரம்பால் முடியாது. அதுதான் விறைப்பும் தசைச் சோர்வும். இதே பிழை இதயத்தில் நடந்தால் துடிப்பின் ஒழுங்கு குலைந்துபோகும். உயிரை எடுப்பது அதுதான். இதுக்கென்று ஒரு முறிவு மருந்து இல்லை. ஆஸ்பத்திரியில் இதயத்தைக் கண்காணித்து, துடிப்பைச் சீராக்க மருந்து கொடுத்து, உடல் நஞ்சை வெளியேற்றும் வரை காப்பாற்றுவார்கள். நேரத்துக்குப் போய்ச் சேருவது அதனால்தான் முக்கியம்.

அடுத்த நாள் மகள் கேட்டாள்: "அப்ப அந்தப் பூ கெட்டதா அம்மா?" கெட்டதில்லை என்றேன். செடியால் ஓட முடியாது. தன் கிழங்கை மிருகங்கள் தின்னாமல் இருக்க அது கண்டுபிடித்த வழி இது. எல்லா மிருகத்துக்கும் பொதுவான ஒரு கதவைத் தேடிப் பிடித்திருக்கிறது. இதே கதவை மற்றச் செடிகளும் பிடித்திருக்கின்றன. நுளம்புத்திரியில் இருக்கிற மருந்து, செவ்வந்திக்குச் சொந்தமான ஒரு பூவின் நஞ்சைப் பார்த்துச் செய்தது. அதுவும் பூச்சியின் சோடியம் கதவைத் திறந்தபடி வைத்திருக்கும். எங்கட உடம்பு அதைக் கெதியாக உடைத்துவிடும், பூச்சியால் முடியாது. பூனையாலும் அவ்வளவு முடியாது. வீட்டில் பூனை இருந்தால், நாய்க்குப் போடுகிற பெர்மெத்ரின் தெள்ளு மருந்தை அதுக்குப் போட்டுவிடாதீர்கள். மற்றப் பக்கம் பார்த்தால், பல் வைத்தியர் போடுகிற விறைப்பு ஊசி இதே கதவைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கிறது. பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த அது நல்ல உதாரணம்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, "இது நாவியடி பிள்ளை" என்றா. எனக்கு ஆச்சரியம். யாழ்ப்பாணத்தில் இந்தச் செடி வளராது. ஆனால் இமயமலைப் பக்கத்திலிருந்து வந்த இதன் உறவுக் கிழங்கு, வச்சநாபி அல்லது நாவி என்ற பெயரில், சித்த மருந்துகளில் நெடுங்காலமாக இருக்கிறது. அம்மாவின் தகப்பனுக்கு நாட்டு வைத்தியத்தில் பழக்கம். "சுத்தி செய்யாமல் நாவியைத் தொடமாட்டினம்" என்றா. அதுக்கும் காரணம் இருக்கு. நெடுநேரம் அவித்தால் அக்கோனிட்டீன் உடைந்து நஞ்சு குறைந்த பொருளாக மாறும். அதைப் பாதியில் விட்டால் ஆபத்து அப்படியே இருக்கும். எவ்வளவு அவிந்தது என்று பொடியைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இது ஊர்ப் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2022 ஓகஸ்டில், எங்கட ஆட்கள் நிறைய இருக்கிற மார்க்கம் நகரில், ஒரு உணவகத்தில் சாப்பிட்ட குறைந்தது 12 பேர் நோயில் விழுந்தார்கள். சிலர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள். காரணம் அக்கோனிட்டீன். இஞ்சி இனத்தைச் சேர்ந்த கச்சோலக் கிழங்குப் பொடியில் அது கலந்திருந்தது. அந்தப் பொடியைக் கடைகளிலிருந்து திருப்பி எடுத்தார்கள். அரைத்துவிட்டால் எல்லாக் கிழங்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

அதனால் நாங்கள் வீட்டில் செய்தது இவ்வளவுதான். கையுறை போட்டு, கிழங்கு ஒன்றும் மிஞ்சாமல் செடியைத் தோண்டி எடுத்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். நஞ்சு கூட இருப்பது கிழங்கில்தான். வளவில் இருக்கிற ஒவ்வொரு செடிக்கும் பெயர் கண்டுபிடித்தோம். ஊரிலிருந்து யாரோ கொடுத்துவிட்ட, பெயர் எழுதாத சூரணப் போத்தல் ஒன்று அலுமாரியில் இருந்தது. அதையும் எறிந்துவிட்டோம். அம்மாவுக்கு அதில கொஞ்சம் மனவருத்தம்தான்.

பிள்ளை ஏதாவது செடியை வாயில் வைத்தால், மிச்சத்தைத் துப்பச் சொல்லி வாயைக் கழுவுங்கள். சத்தி எடுக்கவைக்க வேண்டாம். செடியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஃபோன் எடுங்கள். கனடாவில் 1-844-764-7669, அமெரிக்காவில் 1-800-222-1222, அவுஸ்திரேலியாவில் 13 11 26, இங்கிலாந்தில் 111. உதடு விறைத்தால், சத்தி எடுத்தால், நெஞ்சு படபடத்தால் இந்த இலக்கங்களை விட்டுவிட்டு நேரே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அம்மா சின்ன வயசில் அலரிப் பூவைச் சாமிக்கு வைப்பாவாம். அதுவும் நஞ்சுதான். அது கதவைத் தொடாது, சோடியத்தை வெளியே தள்ளுகிற பம்பை நிறுத்திவிடும். "பிடுங்கலாம், வாயில வைக்கப்படாது, வந்து கை கழுவவேணும்" என்று அவவின் தாய் சொல்லிக் கொடுத்தாவாம். அங்கே எந்தப் பூ எப்படி என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தது. இங்கே நாங்கள் வேற மண்ணில், வேற பூக்களோட இருக்கிறம். அந்த ஆள் இப்ப நாங்கள்தான்.

இந்தக் கிழமை முடிவில் பிள்ளைகளோட ஒருக்கா வளவைச் சுற்றிப் பாருங்கள். எத்தனை செடிக்கு உங்களுக்குப் பெயர் தெரியும்?