கன்னியாவுக்கு டூர் போகும் ஊர் மக்களுக்கு



பாடசாலை லீவு விட்டால் கெலிஓயாவிலிருந்து திருகோணமலைக்கு வேன் பேசுவது நம்ம ஊரில் வழக்கமாகிவிட்டது. நிலாவெளி, கோணேஸ்வரம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள். இதில் கன்னியாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

போகாதவர்களுக்காக: திருகோணமலை நகரத்திலிருந்து சுமார் 8 கிலோமீற்றர், அனுராதபுரம் ரோட்டுப் பக்கம். சதுரமாகக் கட்டிய 7 சின்னக் கிணறுகள். இறங்கிக் குளிக்கும் இடமல்ல, வாளியால் அள்ளித் தலையில் ஊற்ற வேண்டும். சூடு கிணற்றுக்குக் கிணறு கொஞ்சம் மாறும், 40 பாகை செல்சியஸை அண்டி இருக்கும். எரிமலை ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, சூடேறி மேலே வருகிறது. மஹாஓயாவில் இதைவிடச் சூடு. நம்ம ஊரால் போகும் ஏ5 ரோட்டிலேயே செங்கலடிப் பக்கம் போனால் அந்த ஊர் வரும், ஆனால் அங்கே வேன் பேசுவோரைக் காணோம்!

விஷயத்துக்கு வருகிறேன். வேன் நின்றதும் ஆண்கள் சேர்ட்டைக் கழற்றி வாளியை எடுத்துவிடுவார்கள். பெண்கள்? அபாயாவோடு ஓரத்தில் நின்று, காலுக்கு ஒரு வாளி ஊற்றி, பிள்ளைகளைப் போட்டோ பிடித்துவிட்டு வேனில் ஏறுகிறோம். முழங்கால் வருத்தம் உள்ள உம்மாமாரை "சுடுதண்ணியில குளிச்சா சுகமா இருக்கும்" என்று சொல்லித்தான் கூட்டிப் போகிறோம். விடிய எழும்பிச் சோறு கட்டியவர்களும் அவர்கள்தான்.

"பொம்பிளைகள் வெளியில குளிக்கவா வேணும்?" என்று கேட்பவர்கள் நம் சரித்திரத்தையே பார்க்கட்டும். ஹங்கேரியின் புடா நகரம் 1541 முதல் 1686 வரை உஸ்மானியர் கையில் இருந்தது. வெந்நீர் ஊற்றுகளை நம்பி அவர்கள் ஹம்மாம்கள் கட்டினார்கள். அதில் ருடாஸ் ஹம்மாமில் அந்தக் குவிமாடமும் அதன் கீழே எட்டு மூலைத் தடாகமும் இன்றும் இருக்கின்றன. புடாபெஸ்ட் போகிறவர்கள் காசு கொடுத்துக் குளிக்கிறார்கள். நீண்ட காலம் ஆண்களுக்கு மட்டும் இருந்த அந்த இடத்தில், பிறகு செவ்வாய்க்கிழமையைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். புதிதாக மதில் கட்டவில்லை, கிழமையைப் பிரித்தார்கள். ஒரே ஹம்மாம் இருந்த முஸ்லிம் ஊர்களிலும் நேரம் பிரிப்பதுதான் வழக்கம். பெண்களின் நேரத்தில் வாசலில் ஒரு துணி தொங்கும். அதைக் கண்டால் ஆண்கள் திரும்பிப் போவார்கள்.

கன்னியாவிலும் காலையில் ஒரு மணித்தியாலம் பெண்களுக்கென்று ஒதுக்கினால் என்ன? இது நமக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. பத்துப் பேர் பார்க்கக் குளிக்கக் கூச்சப்படுவதில் தமிழ்ப் பெண், சிங்களப் பெண் என்று வித்தியாசம் இல்லை. மூன்று சமூகத்துப் பெண்களும் சேர்ந்து கேட்டால் அழகு. நாம் தனியே போய் உரிமை பேசுவது சரிவராது. ஏனென்றால் அது வெறும் குளிக்கும் இடம் அல்ல. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கிய ஊற்றுகள் என்பது இந்து மக்களின் நம்பிக்கை. இன்றும் தாயை இழந்தவர்கள் அங்கே வந்து கடமை செய்கிறார்கள். 2019 இல் அந்த இடத்தின் பிரச்சினை நீதிமன்றம் வரை போனது. அப்படிப் புண்பட்ட இடத்தில் ஒருவர் தாயை நினைத்து நிற்க, பக்கத்தில் நம் பையன்கள் போனில் பாட்டுப் போட்டு ஷாம்பூ நுரையோடு கூத்தடித்தால், "கெலிஓயா ஆட்கள்" என்று அவர்கள் மனதில் என்ன பதியும்?

மேலிடத்திலிருந்து நேரம் ஒதுக்கித் தரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. டிசம்பருக்கு வேன் பேசும் நானாமாரே, கன்னியாவை வார நாளில், காலையில் முதல் இடமாகப் போடுங்கள். ஆடி அமாவாசை போன்ற நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம். போனதும் கூட்டம் இல்லாவிட்டால் முதல் அரை மணித்தியாலம் நம் பெண்களுக்கு. நீங்கள் வெளியே நின்று பிள்ளைகளைப் பாருங்கள். சவர்க்காரமும் ஷாம்பூவும் வேனிலேயே இருக்கட்டும்.