மாமியாருக்கு 1,200... மருமகளுக்கு ‘ரிஜெக்ட்’: கள்ளக்குறிச்சிக்கு ஏன் ஒரு குடும்ப காமெடி தேவை?

“இந்த வீட்டுக்குக் குடும்பத் தலைவி யாரு?”

2023-ல் தமிழ்நாட்டின் பல வீடுகளில் எழுந்த கேள்வி இது. அந்த ஆண்டு செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண்தான். ஒரே கார்டில் மாமியாரும் மருமகளும் இருந்தால்? சீரியல்காரர்கள் மண்டையை உடைத்து யோசிக்க வேண்டிய சண்டையை அரசு விதியே எழுதிக் கொடுத்துவிட்டது.

தொடக்கத்தில் வந்த விதிகளைப் பாருங்க:

• குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.
• நிலம் நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கர். அதைத் தாண்டக் கூடாது.
• ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள்தான் கரண்ட் ஓடியிருக்க வேண்டும்.
• கார், டிராக்டர் இருந்தால் கிடையாது.
• குடும்பத்தில் யாராவது முதியோர் ஓய்வூதியமோ விதவை ஓய்வூதியமோ வாங்கினாலும் கிடையாது.

கடைசி விதியில்தான் காமெடியே இருக்கு. அதே ஆண்டு முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆக உயர்ந்தது. மாமியாரின் அந்த 1,200, மருமகளின் 1,000-ஐ வழிமறித்து நிற்கும். பிறகு சில தளர்வுகள் வந்தன. ஆனால் அதற்குள் பேச வேண்டியதெல்லாம் பல வீடுகளில் பேசி முடித்தாயிற்று.

இந்தக் கதையை யாராவது மேடை ஏற்ற வேண்டும். அதற்குச் சரியான ஊர் கள்ளக்குறிச்சி.

ஏன் கள்ளக்குறிச்சி?

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமான ஊர் இது. கூத்தாண்டவர் கோயில் இருக்கும் கூவாகம் இந்த மாவட்டத்தில்தான். இந்தப் பக்கத்துக்குத் தெருக்கூத்து புதிதல்ல. கூத்தில் ராஜா வருவதற்கு முன்பே கட்டியக்காரன் வந்துவிடுவான். காவல்காரன், வேலைக்காரன், கோமாளி எல்லாம் அவன்தான். ராஜாவை முகத்துக்கு நேரே கலாய்ப்பான்; நடுவில் திரும்பி நம்ம ஊர் ரோட்டைப் பற்றியும் பேசுவான். அரசுத் திட்டத்தைக் கிண்டல் செய்ய இதைவிடப் பொருத்தமான பாத்திரம் வேறு எது?

ஆனால் இன்று கிராமத்துக்கு வரும் கலைக்குழுக்களில் பல, திட்டங்களை விளம்பரப்படுத்தத்தான் வருகின்றன. திட்டம் நல்லது, விண்ணப்பியுங்கள், நன்றி. அதில் தப்பில்லை. ஆனால் ‘விண்ணப்பித்தேன், கிடைக்கலையே’ என்று கேட்கும் பாத்திரத்துக்கு அந்த ஸ்கிரிப்டில் இடமில்லை.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

இங்கேதான் சிக்கல். நலத்திட்டம் பற்றிய ஜோக் என்றாலே பெரும்பாலும் வாங்குபவரைப் பார்த்துச் சிரிப்பதாகவே இருக்கிறது. 2018-ல் ‘சர்கார்’ படத்தில் இலவச மிக்ஸி, கிரைண்டரைத் தீயில் போடும் காட்சி வந்து, எதிர்ப்புக்குப் பிறகு நீக்கப்பட்டது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு 10 லட்சம் அறிவித்ததும் ‘குடிச்சா பத்து லட்சமா?’ என்ற ரீதியில் கிண்டல்கள் பறந்தன. பிணம் அடக்கமாகும் முன்பே மீம் வந்துவிட்டது. மெத்தனால் எப்படி ஊருக்குள் வந்தது என்று கேட்க வேண்டிய கேலி, தாலி அறுந்தவளின் கையிலிருந்த காசோலையை எட்டிப் பார்த்தது.

‘அப்போ நலத்திட்டத்தைக் கிண்டலே பண்ணக் கூடாதா?’ பண்ணலாம், பண்ணணும். ஃபாரத்தை, கவுன்டரை, ‘நாளைக்கு வா’வை, போட்டோவுக்காக வரும் பிரமுகரைப் பண்ணலாம். வரிசையில் நிற்பவரை விட்டுவிடலாம். கிண்டல் செய்தால் திட்டத்தை எதிர்ப்பவர்களுக்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிடும் என்று சிலர் பயப்படலாம். உரிமை என்று பெயர் வைத்த திட்டத்தை வாங்குபவர் கேள்வி கேட்டால், அந்தப் பெயருக்குத்தான் மரியாதை.

ஆடிஷனை எங்கே வைப்பது?

ஆகவே நடிகர் தேர்வுதான் முக்கியம். சென்னையிலிருந்து பயிற்சி பெற்ற முகங்களைக் கொண்டுவந்து ‘கிராமத்து அம்மா’ வேஷம் கட்டினால், மறுபடியும் அதே ஜோக்தான் வரும். ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு மூன்றையும் ஒரே மஞ்சப் பையில் வைத்துச் சுற்றியவருக்கு அந்த வசனத்தை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

கள்ளக்குறிச்சி டவுனில் மட்டும் ஆடிஷன் வைத்தாலும் போதாது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுபவர்கள்) இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. சாராயச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில் அந்த மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளிமலையிலும் ஒரு நாள் வைத்தால்தான் அவர்கள் குரலும் நாடகத்தில் கேட்கும்.

பர்மிஷன் கிடைக்குமா?

முன்பு நாடக ஸ்கிரிப்டைப் போலீஸிடம் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு அடிப்படையான 1954-ம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, பத்திரிகையாளரும் ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவை நடத்தியவருமான ஞாநி வழக்குப் போட்டார். 2013-ல் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது உயர் நீதிமன்றம். மைக் செட்டுக்கும் பொது இடத்துக்கும் அனுமதி வேண்டும், வசனத்துக்கு வேண்டாம்.

சட்டத்தைவிடப் பெரிய தடை பயம். ‘ஆபீஸரைக் கிண்டல் பண்ணா அடுத்த மாசம் பணம் வருமா?’ இது நியாயமான பயம். அதனால்தான் ஒருவரை மட்டும் முன்னால் நிறுத்தாமல் ஊரே சேர்ந்து ஆட வேண்டும். பிரேசிலின் அகஸ்தோ போவால் காட்டிய வழி அது: பார்வையாளரே மேடையேறிக் காட்சியை மாற்றலாம். ரியோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, இப்படிப்பட்ட நாடகங்களில் எழுந்த யோசனைகளைச் சட்டமாகவும் ஆக்கினார். மேற்கு வங்கத்தில் ‘ஜன சம்ஸ்கிருதி’ குழு 1985 முதல் கிராமங்களில் நாடகம் போட்டுவருகிறது. போவாலின் முறையை அங்கே வேரூன்றச் செய்ததும் அதுதான்.

மாமியாரும் மருமகளும் 1,000 ரூபாய்க்கு முறைத்துக்கொள்ளும் காட்சியில் ஊர் சிரிக்கட்டும். அடுத்த காட்சியில் இருவரும் ஒரே மேல்முறையீட்டு மனுவோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கட்டும். முன்வரிசையில் தாசில்தாருக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.