வெல்டிங் மெஷின் வாங்கும் முன்னால் ஈ.பி. கார்டைப் பாருங்கள்!

சின்ன காஞ்சிபுரத்தில் தறியை விட்டுவிட்டு வெல்டிங் பக்கம் போகும் பையனுக்கு முதலில் கிடைப்பது மெஷின் அல்ல, அறிவுரை. "வாங்கினா காப்பர் காயில் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குடா. ரெண்டு பேர் சேர்ந்து தூக்கணும், அதான் மெஷின். இந்த இன்வெர்ட்டர் எல்லாம் டிபன் பாக்ஸ் மாதிரி, பொம்மை." சொல்பவர் இருபது வருஷம் பட்டறை வைத்தவராக இருப்பார். பையனும் தலையாட்டிவிட்டு, வீட்டுத் திண்ணையில் அந்த இரும்புப் பெட்டியை இறக்கிவிடுவான். இந்த அறிவுரைதான் இங்கே முதல் எதிரி.

பெரியவர் சொல்வது பட்டறைக்குச் சரி. அங்கே மூணு ஃபேஸ் உண்டு, அதற்கேற்ற வயர் உண்டு. ஆனால் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியிருக்கிற தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். உள்ளே குழித்தறி, வெளியே ஒற்றை ஃபேஸ் லைன். அங்கே கணக்கே வேறு.

கொஞ்சம் கணக்குப் போடலாம் (பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான்!). கேட், கிரில் வேலைக்கு 2.5 மி.மீ. ராடு. அதற்குச் சுமார் 80 ஆம்பியர் வேண்டும். ஆர்க் எரியும்போது வோல்டேஜ் 23 பக்கம். ஆக உண்மையில் தேவைப்படுவது 2 கிலோவாட்டுக்கும் குறைவு. டிரான்ஸ்ஃபார்மர் செட்டில், ஆர்க் இல்லாதபோது ஹோல்டரில் நிற்கும் வோல்டேஜ் 70 என்று வைத்துக்கொண்டால், 70-ஐ 80-ஆல் பெருக்கினால் 5600 வோல்ட்-ஆம்பியர். அதை 230-ஆல் வகுத்தால் 24 ஆம்பியருக்கு மேல். வீட்டு பவர் பிளக்கோ 16 ஆம்பியர்தான்! அதே ராடை இன்வெர்ட்டரில் ஓட்டினால், மெஷினுக்குள் வீணாவதையும் பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பார்த்தாலும் 14 ஆம்பியர் பக்கம் முடிந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கரண்ட் பில்லில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. வீட்டு மீட்டர் எண்ணுவது யூனிட்டை மட்டும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் திருப்பி அனுப்பும் கரண்ட்டுக்கு வீட்டுக்காரர் காசு கொடுப்பதில்லை. அது ஓடுவது தெரு வயரில். 14-க்குப் பதில் 24 ஓடினால் வயரில் வீணாகும் சூடு கிட்டத்தட்ட மூணு மடங்கு. ஒவ்வொரு தடவை ராடு ஒட்டும்போதும் பக்கத்து வீட்டு விளக்கு மங்கிப் பிரகாசிக்கும். அந்தப் பக்கத்து வீட்டில் யாராவது கோர்வைப் புடவை நெய்துகொண்டிருக்கலாம். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடிச் சேரும் இடத்தில் ஓர் இழை தப்பினால் அது புடவையில் தெரியும். அவருக்குக் கண்தான் மூலதனம், விளக்குதான் துணை. "நம்ம வீட்டு கரண்ட், நாம எடுக்கிறோம்" என்கிற வாதம் இங்கேதான் அடிபட்டுப் போகிறது. கம்பம் பொதுவாயிற்றே!

அடுத்தது யாரும் பேச விரும்பாத விஷயம். கைத்தறி நெசவாளர் வீடுகளுக்குத் தமிழக அரசு இலவச மின்சாரம் தருகிறது. 2006-ல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட், 2016-ல் 200, 2023-ல் 300 ஆனது. அப்பா தறியில், மகன் திண்ணையில் வெல்டிங், இரண்டும் ஒரே மீட்டரில்! சொந்த வீட்டுக் கதவுக்கு ரெண்டு பொட்டு வைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஊர் கேட்டையெல்லாம் காசுக்குச் செய்தால் அது தொழில். ஒரு காரியத்துக்கு என்று கொடுத்த இணைப்பை வேறு காரியத்துக்கு ஓட்டினால், 2003-ம் வருஷ மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு போடலாம். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்கு. மகன் சம்பாதித்ததைவிட அப்பா இழப்பது அதிகமாகிவிடும். வெல்டிங்குக்குத் தனி இணைப்பு வாங்கு என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. அவருக்கு மெஷின் விற்றால் போதும்.

கம்பத்தில் கொக்கி போடச் சொல்லும் அண்ணன்களும் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அது 135-வது பிரிவு, மின் திருட்டு, மூணு வருஷம் வரை சிறை. அதைவிட மோசம், யூடியூபில் லட்சக்கணக்கில் பார்க்கப்படும் உப்புத் தண்ணி வெல்டிங். பக்கெட்டில் உப்புத் தண்ணி, இரண்டு தகடு, மெயின் லைன், ராடு. "மெஷினே வேண்டாம் பாஸ்!" டிரான்ஸ்ஃபார்மரோ இன்வெர்ட்டரோ, இரண்டுமே மெயின் லைனையும் ஹோல்டரையும் பிரித்து வைக்கின்றன. பக்கெட் பிரிப்பதில்லை. ஆர்க் இல்லாத நேரத்தில் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். வியர்த்த கை, தறிக்குழி ஈரம் ஏறிய மண் தரை... மேலே எழுத வேண்டியதில்லை. இதைச் செய்து காட்டிக் காசு பார்ப்பவர்களைக் கேள்வி கேட்காமல் கமெண்ட்டில் "சூப்பர் ப்ரோ" போடுகிறோம்.

நல்ல மெஷினிலும் ஒரு தப்பு நம்பிக்கை: "டிரிப்பர் போட்டாச்சு, ஷாக் அடிக்காது." கசிவைக் கண்டு அணைக்கும் அந்த சாதனம் மெயின் பக்கத்தைத்தான் பார்க்கும். ஹோல்டர் பக்கம் நடப்பது அதற்குத் தெரியாது. அங்கே காப்பது காய்ந்த கையுறை, காய்ந்த பலகை, வேலைப் பொருளிலேயே மாட்டிய கிளாம்ப். கிளாம்ப்பைத் தூரத்தில் வாசல் கிரில்லில் மாட்டினால் வெல்டிங் கரண்ட் வீட்டு எர்த் வயர் வழியாகவும் திரும்பப் பார்க்கும், அந்த மெல்லிய வயர் கருகும். பட்டு நூலும் சாயப் பாவும் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமா?

இன்வெர்ட்டரை எதிர்ப்பவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. கார்டு போனால் உள்ளூர் காயில் கட்டுபவரால் ஒன்றும் செய்ய முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் அவரே திரும்பக் கட்டிக் கொடுப்பார். உண்மை. ஆனால் கார்டு பெரும்பாலும் சும்மா போவதில்லை. கிரைண்டர் அடிக்கும் பக்கத்திலேயே மெஷினை வைத்தால் ஃபேன் இரும்புத் தூளை உள்ளே இழுத்துக் கார்டில் பூசிவிடும். இரண்டடி தள்ளி வைத்து, அவ்வப்போது காற்றடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். பெட்டி மேல் அச்சடித்த 200, 250-ஐ நம்ப வேண்டாம். உள்ளே ஒட்டிய தகட்டில் எத்தனை ஆம்பியருக்கு எத்தனை சதவீதம் என்று இருக்கும். 60 என்றால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் ஆர்க், நாலு நிமிஷம் ஓய்வு. அதுவும் வழக்கமாக 40 டிகிரி வெயிலுக்குப் போட்ட கணக்கு, காஞ்சிபுரத்து மே மாதத்துக்கு அல்ல. லைன் எவ்வளவு இறங்கினாலும் ஓடும் என்பதையும் தகட்டிலேயே பார்த்து வாங்க வேண்டும்.

கடைசியாக ஜெனரேட்டர் பார்ட்டி. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாதபோது டீசல் செட் வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது, வேறு வழி இல்லை. அந்தக் காலம் போய்விட்டது. இன்றைக்கும் அதே பயத்தில் டீசல் புகையை ஒட்டுச் சுவர் வீட்டுக்குள் விடுவது அநியாயம். வைகாசியில் வரதர் தேர் வரும்போது தேர் போகும் தெருக்களில் லைனை நிறுத்துவார்கள். அன்றைக்கும் கேட் வெல்டிங் பண்ணியே ஆக வேண்டுமா என்ன?