கட்ட முன் யாரிடம் கேட்டோம்?

பதிவு கொஞ்சம் நீளம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், கட்ட நினைத்திருப்பவர்களும், பள்ளிவாசல், பாடசாலைக் குழுக்களில் இருப்பவர்களும் கடைசி வரை வாசித்தால் சந்தோஷம்.

போன தவணை ஒன்பதாம் தரத்தில் "நான் கட்டப்போகும் வீடு" என்று ஒரு படம் வரையச் சொன்னோம். முப்பது சொச்சம் பிள்ளைகள். ஏறக்குறைய எல்லாரும் ஒரே வீட்டைத்தான் வரைந்தார்கள். இரண்டு மாடி, மேலே தட்டையான கொங்கிரீட் சிலாப், முன்னால் பெரிய கேற், பக்கத்தில் ஒரு கார். ஹேவாஹெட்டயில் இருந்து வரைந்ததா, கொழும்பில் இருந்து வரைந்ததா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மலை கூட இல்லை.

ஒரு பிள்ளை மட்டும் வேறு மாதிரி வரைந்திருந்தாள். சரிவு அப்படியே இருக்கிறது. வீடு மூன்று படியாக அதில் இறங்குகிறது. கூரை முன்னால் நன்றாக நீண்டிருக்கிறது. பின்பக்கம் ஒரு கான்.

"மகள், ஏன் இப்படி வரைஞ்சீங்க?" என்று கேட்டோம்.

"மழைத்தண்ணி போக இடம் வேணுமே டீச்சர். எங்கட பக்கத்து வீட்டுல பெக்கோ வச்சு வெட்டின இடத்தாலதான் மண் இறங்கினது."

பதினான்கு வயதுப் பிள்ளை. நம்மில் பல பெரியவர்கள் இலட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டும்போது கேட்காத கேள்வியை அவள் பென்சிலால் கேட்டுவிட்டாள்.

அந்தப் படத்தைப் பார்த்தபோது நமக்கு ஞாபகம் வந்தது ஒரு கண்டிப் பெண். பெயர் மினெட் டி சில்வா. கண்டிக்குப் போனால் தலதா மாளிகைக்கு அருகே, வாவிப் பக்கமாக உள்ள கண்டி கலை நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். 1980களின் முற்பகுதியில் அதை வடிவமைத்தவர் அவர்தான். நாமும் எத்தனையோ தடவை பஸ்ஸில் அந்தப் பக்கம் போயிருக்கிறோம். ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்திலும் இந்தப் பெயரை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. நாமும் தேடவில்லை.

மினெட் 1918ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தார். தகப்பன் ஜோர்ஜ் ஈ. டி சில்வா, சட்டத்தரணி, அரசியல்வாதி. தாய் எக்னஸ், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களில் முன்னணியில் நின்றவர். டொனமூர் ஆணைக்குழு முன்னால் அவர் சாட்சி சொன்னபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். 1931இல் இந்த நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை வந்ததற்குப் பின்னால் அந்தக் குரலும் இருக்கிறது. மலையகத்தில் இருக்கும் நாம் இதை மறக்கக் கூடாது.

அந்தத் தாயின் மகள் கட்டடக்கலை படிக்கப் பம்பாய் போனார். காந்தியை விடுதலை செய்யக் கேட்ட ஊர்வலத்தில் கலந்துகொண்டதால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். அதோடு ஊர் திரும்பிவிடவில்லை. லண்டன் போய்ப் படித்து முடித்தார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினராகத் தெரிவான முதல் ஆசியப் பெண் அவர்தான். அன்று உலகப் புகழ் பெற்றிருந்த லே கொர்பூசியே போன்றவர்களோடு ஒரே மாநாட்டில் உட்கார்ந்தவர். நினைத்திருந்தால் லண்டனிலேயே இருந்திருக்கலாம். ஆனால் கண்டிக்குத் திரும்பி வந்து, பெற்றோரின் வீட்டிலேயே அலுவலகத்தை வைத்துக்கொண்டார்.

அவருடைய முதல் வீடு கருணாரத்ன குடும்பத்துக்காகக் கண்டியில் ஒரு சரிவில் கட்டியது. 1949இல் தொடங்கி 1951இல் முடிந்தது. சரிவை வெட்டித் தட்டையாக்காமல், நிலம் இறங்குகிற மாதிரியே வீட்டின் தளங்களையும் இறக்கினார். கொங்கிரீட்டும் கண்ணாடியும் பாவித்தார். அதே வீட்டில் தும்பறைப் பாய் நெசவாளரின் வேலையும் இருந்தது, கண்டியக் குயவர் சுட்ட ஓடுகளும் இருந்தன, ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் இருந்தது. புதியது வேண்டும் என்பதற்காகப் பழைய கைவேலைக்காரனைப் பட்டினி போட வேண்டியதில்லை என்பதை அவர் செய்தே காட்டினார்.

நமது மாணவியின் படத்தில் இருந்த வீடும் இதே யோசனைதான். அவள் மினெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.

ஆனால் இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த வீடு அல்ல. வட்டாபுளுவ.

1950களின் நடுப்பகுதியில் அரச ஊழியர்களுக்காகக் கண்டி வட்டாபுளுவவில் ஒரு வீடமைப்புத் திட்டம் வந்தது. சுமார் 250 வீடுகள். இவ்வளவு வீடு என்றால் வழக்கமாக என்ன நடக்கும்? ஒரு பிளான் வரைவார்கள், 250 தடவை அதையே கட்டுவார்கள். மினெட் அப்படிச் செய்யவில்லை. குடியேறப்போகிற குடும்பங்களுக்கு முதலில் கேள்விக்கொத்துக் கொடுத்தார். கூட்டம் வைத்துப் பேசினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று எல்லாரும் கலந்து வரப்போகிற இடம். ஒரு வீட்டில் ஆண் விருந்தாளி வந்தால் பெண்கள் உள்ளே போக வழி வேண்டும். இன்னொரு வீட்டில் சாமி அறை வேண்டும். ஒருவருக்குப் பெரிய குசினி வேண்டும், இன்னொருவருக்குத் தாய் தகப்பனுக்கு ஓர் அறை வேண்டும். இப்படித் தேவைகள் வீட்டுக்கு வீடு வேறுபடும் என்பது தெரிந்துதான் அவர் கேட்டார். பதில்களை வைத்துச் சில அடிப்படை வடிவங்களை உருவாக்கினார். 1958 அளவில் திட்டம் முடிந்தது.

கேட்டுவிட்டுக் கட்டினார். இன்று நாம் சொல்ல வந்தது இந்த இரண்டு சொல்தான்.

கேட்காமல் கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு நாம் தூரம் போகத் தேவையில்லை. நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களின் லயன்களைப் பாருங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்ட மலைகள் இவை. இந்த மலைகளில் உழைத்தவர்களுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை வரிசையாகக் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குள் எத்தனை பேர் இருப்பீர்கள், குமர்ப்பிள்ளை எங்கே உடுப்பு மாற்றுவாள் என்று யாரும் கேட்கவில்லை. தலைமுறைகள் கடந்தும் அந்தக் கேட்காமையில் சனங்கள் குடியிருக்கிறார்கள்.

லயனைக் குறை சொல்வது நமக்கு இலேசு. நம்முடைய கட்டடங்களுக்கு வருவோம்.

ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம். நாம் அங்கே கற்பித்தோம். புதிய மாடிக் கட்டடம், திறப்பு விழா, நாடா வெட்டு எல்லாம் சிறப்பாக நடந்தது. முதல் மழையிலேயே சாரல் நேராக வகுப்புக்குள் வந்தது. கூரைக்கு இறவாரம் போதாது, யன்னலும் காற்று அடிக்கும் பக்கம். மழை வந்தால் மேசைகளை மறு பக்கம் இழுத்துவிட்டுத்தான் பாடம். மாணவிகளின் மலசலகூடக் கதவு விளையாட்டு மைதானத்தைப் பார்த்துத் திறக்கும். இடைவேளையில் பிள்ளைகள் போகவே மாட்டார்கள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து தலைவலி என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. கட்ட முன் ஒரேயொரு ஆசிரியையிடம் கேட்டிருந்தால் போதும், அந்தக் கதவு திரும்பியிருக்கும்.

நமது வீடுகள்? வாப்பா அல்லது நானா அரபு நாட்டிலிருந்து காசு அனுப்புகிறார். பிளான் யாரோ ஒருவருடைய வீட்டுப் பிளான். பெக்கோ வருகிறது, மலையை நெட்டாக வெட்டுகிறது. வெட்டிய மண்ணைக் கீழே தள்ளுகிறோம், அது கீழ் வீட்டுக்காரரின் கானை அடைக்கிறது. மழைக்காலம் வந்ததும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை குரூப்பில் பகிர்ந்துவிட்டு துஆ கேட்கிறோம். மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் கட்ட முன் அதே நிறுவனத்தின் அறிக்கையை எடுக்க வேண்டும். எத்தனை பேர் எடுத்தோம்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

பள்ளிவாசலையும் சொல்லத்தான் வேண்டும், கோபிக்காதீர்கள். பெண்களுக்கு இடம் ஒதுக்குகிறோம், அல்ஹம்துலில்லாஹ், நல்ல விஷயம். ஆனால் வுளு செய்யும் இடம் எங்கே இருக்க வேண்டும், கைக்குழந்தையோடு வருகிறவர் எந்தப் படியால் ஏறுவார், முழங்கால் வலியுள்ள உம்மும்மாவுக்குக் கைபிடி வேண்டாமா என்று நமது பெண்களில் யாரிடமாவது கேட்டோமா? மினாராவின் உயரத்தைப் பற்றி மூன்று கூட்டம் போட்ட இடத்தில், இதற்கு அரைமணி நேரம் ஒதுக்க முடியாதா?

இந்த இடத்தில் பங்களாதேஷ் கட்டடக்கலைஞர் மரினா தபஸ்ஸும் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்காவில் தன் பாட்டி கொடுத்த காணியில் அவர் ஒரு பள்ளிவாசல் கட்டினார், பெயர் பைத்துர் ரஊஃப். 2012இல் முடிந்தது. குப்பா இல்லை, மினாரா இல்லை. அந்த ஊர்ச் செங்கல், மேலிருந்து இறங்கும் வெளிச்சம், நாலு பக்கமும் காற்று. உயர்ந்த மேடையில் அமைந்திருப்பதால் தொழுகை இல்லாத நேரம் வெளியில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். 2016இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. வெள்ளத்தில் வீடு இழக்கும் ஆற்றங்கரை ஏழைகளுக்காக, கழற்றி எடுத்துப் போகக்கூடிய மூங்கில் வீட்டையும் அவரே வடிவமைத்தார். நம்மைப் போன்ற மழை நாட்டுக்காரி, நம்மைப் போன்ற முஸ்லிம் சமூகத்துப் பெண்.

நம் ஆட்களுக்கு ஜெஃப்ரி பாவாவை ஓரளவு தெரியும். கோட்டே பாராளுமன்றத்தை வடிவமைத்தவர். அவருடைய தகப்பன் வழிப் பாட்டனார் அஹமது பாவா முஸ்லிம் என்று ஒரு பதிவு வந்தால் "மாஷா அல்லாஹ்" போட்டுப் பகிர்வோம். பாவாவும் பெரிய மனிதர்தான், அதில் மறுப்பில்லை. சட்டத்தரணியாக இருந்துவிட்டு 38ஆவது வயதில் கட்டடக்கலைஞரானவர். ஹோட்டல் கட்டச் சீகிரியாவின் அடிவாரத்தைக் காட்டியபோது, அங்கே வேண்டாம், தள்ளிப்போய்க் கந்தலம வாவிக்கரையில் கட்டுவோம் என்று இடத்தையே மாற்றச் சொன்னவர். 2001இல் ஆகா கான் விருதுக் குழுவின் சிறப்பு விருதும் பெற்றார். ஆனால் அவருடைய பாட்டனாரைப் பற்றிப் பெருமைப்படுவதால் நமது கூரை ஒழுகாமல் இருக்கப்போவதில்லை. அவர்கள் கேட்ட கேள்வியை நாமும் கேட்டால்தான் பிரயோசனம்.

சிலர் சொல்வார்கள்: "டீச்சர், இதெல்லாம் காசுக்காரர் வேலை. நாங்க மேசன் பாஸை வச்சுக் கட்டுறவங்க." நியாயம்தான். பாவாவுக்கும் மினெட்டுக்கும் வீடு கட்டக் கொடுத்தவர்களில் பலர் வசதியானவர்கள். எல்லாருக்கும் கட்டடக்கலைஞரை வைக்க முடியாது. ஆனால் கேள்விக்கொத்துக்கு எவ்வளவு செலவு? ஒரு தாள். சரிவை வெட்டாமல் படியாக இறக்கினால் பெக்கோக் கூலியும் மிச்சம், கருங்கல் அணைக்கான செலவும் குறையும். இறவாரத்தை இரண்டடி கூட்டினால் சுவர் பூஞ்சணம் பிடிக்காது. நமது பழைய மேசன் பாஸ்மாருக்கு இதெல்லாம் தெரியும். "சிலாப் போடுங்க பாஸ், அதுதான் மொடர்ன்" என்று அவர்களின் வாயை அடைத்தது நாம்தான்.

மினெட்டின் கடைசிக் காலம் சுகமாக இருக்கவில்லை. 1996இல் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1998 நவம்பரில் கண்டி வைத்தியசாலையில் காலமானார். கையில் பணம் இல்லை, பக்கத்தில் ஆட்களும் குறைவு. அவருடைய வாழ்க்கை நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. கட்டிய வீடுகள் பல உடைக்கப்பட்டன, பல அடையாளம் தெரியாமல் மாற்றப்பட்டன. தனியாக ஒரு பெண் தொழில் செய்தால் ஊர் எப்படி நடத்தும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

அதனால் மூன்று வேண்டுகோள்.

ஒன்று. வீடு கட்டுபவர்கள் அஸ்திவாரத்துக்கு முன் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் காணிக்குக் கூட்டிப்போங்கள். குசினி எங்கே, வெயில் எந்தப் பக்கம், மழைத்தண்ணி எங்கே போகும், கீழ் வீட்டுக்காரருக்கு என்ன ஆகும் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு பாஸைக் கூப்பிடுங்கள்.

இரண்டு. பொதுக் கட்டடம் எதுவானாலும், பாடசாலையோ, மத்ரஸாவோ, பள்ளிவாசலோ, பிளானை நோட்டீஸ் போர்டில் இரண்டு கிழமை போடுங்கள். அதைப் பாவிக்கப்போகிறவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும்.

மூன்று. படம் வரையும் பெண்பிள்ளையிடம் "கணக்கைப் பார், படம் சோறு போடாது" என்று சொல்லாதீர்கள். மொறட்டுவப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டம் இருக்கிறது, அதற்கு உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும். கணக்கும் வேண்டும், படமும் வேண்டும், மனிதரைப் பற்றிய அக்கறையும் வேண்டும். டொக்டர், டீச்சர் தவிரவும் நமது ஊருக்கு ஆட்கள் தேவை.

அந்தப் பிள்ளையின் உம்மாவைப் பெற்றோர் கூட்டத்தில் சந்தித்தோம். படத்தைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவட வாப்பா அடுத்த வருஷம் வந்து வீட்டு வேலை தொடங்குற டீச்சர். பிளான் எல்லாம் ரெடி."

"பிளானை மகளிடம் காட்டினீங்களா?" என்று கேட்டோம்.

"இல்ல, அவ சின்னப்பிள்ளதானே" என்றார். பிறகு அந்தப் படத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாப்பாவுக்கு அனுப்பியிருப்பார் என்று நம்புகிறோம். இன்ஷா அல்லாஹ்.